இறந்தகாலத்தில் ஒருவர்

படி ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும், இறங்கும்போது விளங்காத காலை. மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்ததை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அவள் தன் கணவரை ஏற்றிக்கொண்டு போனாள். நூலகத்தின் மாடி அறைக்குப் போகிற அந்தப் படிகளை இத்தனை வருஷமாக ஒரு கையில் முட்டைக்கூடையும் மறு கையில் காகிதப் பையுமாகத் தாவித் தாவி ஏறியிருக்கிறாள். அவை இவ்வளவு செங்குத்தானவை என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. பாதியில் அவரை நிறுத்தி, நெற்றி வியர்வையைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தாள்.

“என்னங்க, களைச்சுப் போச்சா?”

“இல்ல.”

அதை நம்பிவிட முடியாது. திடீரென்று ஒரு நாள் மாட்டுக்கொட்டகையில் பக்கவாதம் வந்து விழுந்து, பிழைத்து எழுந்ததிலிருந்து அவர் வாயில் மிச்சமிருந்தது அந்த ஒரு சொல்தான். பசிக்கிறதா என்றால் இல்ல. தட்டை வைத்தால் வழித்துச் சாப்பிடுவார். தூக்கம் வருகிறதா என்றால் இல்ல. சொல்லி முடிப்பதற்குள் கண் செருகிவிடும். காதில் விழுவதெல்லாம் அவருக்குப் புரிகிறது, பதில் சொல்லத்தான் வார்த்தை வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேச ஆரம்பித்தால் எதிரில் நிற்பவர் கால் மாற்றி நின்றாலும் விடாத மனுஷன். அவருக்குப் போய் இப்படி.

ஊருக்கு வெளியே அவர்களுக்குக் கோழிப்பண்ணையும் நாலு மாடும் வாய்க்காலை ஒட்டிய காய்கறித் தோட்டமும் இருந்தன. அவள் புத்தகங்களும் எழுதினாள். சந்தையில் அவளை ‘எழுத்தாளரம்மா’ என்று கிண்டலாகக் கூப்பிட்டார்கள். எழுத்துக் கூட்டத்திலோ, முதுகுக்குப் பின்னால், அவள் ‘முட்டைக்காரம்மா’. இரண்டு இடத்திலும் அவள் அடுத்த இடத்து ஆள்தான். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. முட்டைக்குப் பேரம் பேசுகிறவர்களைவிடக் கதைக்குப் பேரம் பேசுகிறவர்கள் மோசம் என்பாள்.

அந்த மாடி அறையில் ஒரு சனிக்கிழமை எழுத்துக் கூட்டம், மறு சனிக்கிழமை ஊர் வரலாற்றுக் குழு. இரண்டுக்கும் அவள் போனாள். வரலாற்றுக் குழு, இறந்துபோன ஊர்க்காரர்களின் வாழ்க்கையைச் சின்னச் சின்னக் குறிப்புகளாக எழுதி வருஷத்துக்கு ஒரு புத்தகம் போட்டது. உயிரோடு இருப்பவர்களுக்கு அதில் இடமில்லை. ஆரம்பத்தில் ஒரே ஒருவருக்கு விதிவிலக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர் கூட்டம் தவறாமல் வந்து தன் பெருமையில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி உயிரை எடுத்துவிட்டார். குறிப்புகளில் முக்கால்வாசி அவள் எழுதியவை. அவர் அஞ்சல் நிலையத்தில் வேலை பார்த்தார், அவர் மரம் நட்டார், அவர் யாரையும் கடிந்து பேசவில்லை, என்று போகும் அவை. சனிக்கிழமை மாலை அவள் வீடு திரும்பினால் கணவர் தொழுவத்திலிருந்தே கத்துவார்: “என்னம்மா, இன்னைக்கு யாரைப் புதைச்சிட்டு வர்றே?” அவள் சிரித்துக்கொண்டே, “உங்க முறை வர்றப்ப சொல்றேன், போங்க,” என்பாள். அவர் விழுந்த பிறகும் அவள் அந்தக் குறிப்புகளை நிறுத்தவில்லை. உண்மையில் அதிகமாகத்தான் எழுதினாள், வீட்டில் வேறு பேச்சுச் சத்தம் இல்லாததால்.

எழுத்துக் கூட்டத்தின் சட்டம் வேறு. அதை நடத்தியவர் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். க், ச், த், ப் விட்டுப்போன இடத்தையெல்லாம் சிவப்பு மையால் குத்திக் குத்தி அவருக்கு ‘ஒற்று சார்’ என்றே பெயர் நின்றுவிட்டது. ஆளைப் பார்த்துப் பாராட்டும் வழக்கத்தை ஒழிக்கிறேன் என்று அவர் கொண்டுவந்த ஏற்பாடு இது: யாரும் எழுதியதில் பெயர் போடக் கூடாது. தட்டச்சு செய்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும். கூட்டத்துக்கு ஒன்றாக எடுத்து வேறொருவர் வாசிப்பார். எழுதியவர், எழுதியவராகப் பேசக் கூடாது. எல்லோரும் பேசி முடித்த பிறகு ஒற்று சார் கேட்பார், எழுதியவர் கை தூக்கலாம். தூக்காமல் இருக்கவும் உரிமை உண்டு. எழுதுகிறவர்கள் ஆயிற்றே, அந்த உரிமையை இதுவரை ஒருவரும் பயன்படுத்தியதில்லை.

அவள் எழுதியது டப்பாவில் கிடந்தது. கணவரைப் பற்றியது. நடந்துகொண்டும் பேசிக்கொண்டும் இருந்த கணவரைப் பற்றி. விழுந்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. கோழி என்ற சொல்லைக் கவனமாகத் தவிர்த்திருந்தாள், ஆள் பிடிபட்டுவிடக் கூடாதே. மாடும் வாய்க்காலும் பரவாயில்லை, கூட்டத்தில் பாதிப் பேருடைய எழுத்தில் ஒரு மாடாவது வந்துவிடும். விடியற்காலையில் தீவன மூட்டைமேல் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதியது. அவர் கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வீட்டில் வாசித்துக் காட்ட வெட்கமாக இருந்தது. முப்பது வருஷத்தில் அவள் ஊரில் உள்ள அத்தனை பேரையும் எழுதியிருக்கிறாள், அவரை மட்டும் எழுதியதில்லை. வழக்கமாக அவரோடு துணைக்கு இருக்கும் பக்கத்துத் தோட்டத்து அம்மா இன்று வரவில்லை என்றதும் அவள் சலித்துக்கொள்ளவே இல்லை. வாங்க, போகலாம், என்று சட்டை மாட்டிவிட்டாள்.

அவரை ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்தாள். எல்லோரும் எழுந்து வந்து நலம் விசாரித்தார்கள். அவர் எல்லோருக்கும் இல்ல, இல்ல என்று சிரித்தார். ஒற்று சார் டப்பாவைக் குலுக்கி ஒரு தாளை உருவி மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்தார். மருந்துக்கடைக்காரருக்கு நல்ல குரல். முதல் வரியிலேயே அவளுக்குக் காது சூடாகிவிட்டது. அவளுடையதுதான்.

“வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டால் அவர் தண்ணீருக்கு முன்னால் நடந்தார். தண்ணீருக்கு வழி காட்டுவதாக நினைப்பு. மாடுகளிடம் அரசியல் பேசினார். மாடுகள் மறுத்துப் பேசாததால் எல்லா விவாதத்திலும் அவரே ஜெயித்தார்.”

அறை சிரித்தது. அவள் ஓரக்கண்ணால் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தெரிந்துகொண்டுவிட்டார். முகத்தின் ஒரு பாதி மட்டும் சிரித்தது, அந்தப் பாதியில் பழைய ஆள் முழுசாக இருந்தார். அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. படியேற்றி இழுத்து வந்ததற்கு இது போதும் என்று நினைத்தாள்.

“கோபம் வந்தால் அவர் கதவை அறைந்து சாத்தவில்லை. ஈ வரட்டும் என்று திறந்து போட்டுவிட்டுப் போனார். அவருடைய பாதங்கள் எப்போதும் சூடாக இருந்தன. குளிர்காலம் முழுவதும் அதற்காகவே நான் அவரோடு சண்டை போடாமல் இருந்தேன்.”

நடந்தார். பேசினார். ஜெயித்தார். இருந்தன. மருந்துக்கடைக்காரர் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் குரலைச் சற்று இறக்கி நிறுத்தி வாசித்தார். எழுதும்போது அவள் காதில் விழாதது இப்போது விழுந்தது. தாளை எட்டிப் பிடுங்கிவிடலாமா என்றுகூட இருந்தது. வரலாற்றுக் குழுவுக்கு எழுதி எழுதிக் கை அந்தத் தடத்திலேயே போயிருக்கிறது, பழக்கதோஷம், வேறொன்றும் இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கடைசி வரி வந்தது: “அவர் பேசாத வீடு எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.”

சுவரோரம் உட்கார்ந்திருந்த தையல்கார அக்காவை யாரும் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க எல்லோரும் சிரமப்பட்டதிலேயே எல்லாம் தெரிந்தது. தையல்கார அக்காவின் கணவர் மாடு வைத்திருந்தவர். போன மழைக்காலத்தில் இறந்துபோனார்.

ஒற்று சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வழக்கத்துக்கு மாறாக மெதுவாகப் பேசினார். “இதுல ஒற்றுப் பிழை ஒண்ணுகூட இல்ல. அது கிடக்கட்டும். ஒண்ணு கவனிச்சீங்களா? ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் ஒரே காலம். இறந்தகாலம். அவர் செத்துப்போனாருன்னு எங்கயாச்சும் இருக்கா? எங்கயும் இல்ல. ஆனா அவர் இப்ப இல்லன்னு நமக்கு முதல் வரியிலயே தெரிஞ்சுடுது.”

“இல்ல,” என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

சத்தமாகவே சொன்னார். மருந்துக்கடைக்காரர் குனிந்து அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். “சரிங்கண்ணே, சரிங்கண்ணே.”

“இல்ல. இல்ல.”

“கூட்டம் சீக்கிரம் முடிஞ்சிடும்ண்ணே. கொஞ்சம் பொறுத்துக்குங்க.”

அவர் முகத்தில் சிரிப்பு இருந்த பாதி இப்போது மற்றப் பாதியைப் போலவே ஆகியிருந்தது. அவள் பேசிவிடுவது என்று முடிவு செய்தாள். எழுதியவராகப் பேசக் கூடாது, கேட்டவளாகப் பேசலாமே.

“ஏன் சார், அந்த ஆளு உயிரோடவும் இருக்கலாம் இல்லையா?”

ஒற்று சார் அன்பாகத்தான் சிரித்தார். “உயிரோட இருக்கிற ஆளை யாராவது இப்படி எழுதுவாங்களாக்கா?”

பழக்கதோஷம் என்ற சமாதானம் அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கவில்லை. தீவன மூட்டைமேல் உட்கார்ந்து அழுதுகொண்டே எழுதியதை அவளால் எப்படி இல்லை என்று சொல்ல முடியும்? தினமும் அவருக்குப் பல் தேய்த்துவிட்டாள், நகம் வெட்டினாள், ராத்திரி புரட்டிப் படுக்க வைத்தாள். செய்துகொண்டே, ஐயோ, அவர் இருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தாள். அவர் இருந்தால். பக்கத்தில் படுத்திருக்கிற மனுஷனைப் பற்றி, அவர் இருந்தால் என்று. அப்படி நினைத்த காலைகளில் அவள் போர்வைக்குள் கைவிட்டு அவர் பாதத்தைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அவரைச் சாகடித்ததை அவள் மனசு அவளிடமே சொல்லாமல் மறைத்திருந்தது. இப்போது சொல்லிவிட்டது, அவரை எதிரில் வைத்துக்கொண்டு.

“நான் எழுதல,” என்றார் தையல்கார அக்கா.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் மடியில் இருந்த துணிப்பையின் வாயை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“எல்லாரும் என்னைத்தான் நினைக்கிறீங்க. அதான் சொல்றேன். எனக்கு இன்னும் இப்படி எழுத வரல. நானும் உக்காந்து பாத்துட்டேன். ‘எங்க வீட்டுக்காரரு காலையில சீக்கிரம் எந்திரிக்கிறாரு’ன்னுதான் வருது. எந்திரிச்சாருன்னு எழுதக் கை வர மாட்டேங்குது.” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “இதை எழுதினவங்க பாவம், ரொம்ப நாளா அழுது முடிச்சிருக்காங்க.”

சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். தெரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

“சரி, நேரமாச்சு,” என்றார் ஒற்று சார். “எழுதினவங்க கை தூக்கலாம். விருப்பம் இருந்தா.”

அவள் இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே இறுக்கி வைத்திருந்தாள். தூக்கினால், ஆமாம், இவரைத்தான் இப்படி எழுதினேன் என்று இத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொள்வதாகும். தூக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. தையல்கார அக்கா வாய் திறக்க மாட்டார். வேறு யாருக்கும் தெரியப் போவதில்லை, கணவர் ஒருவரைத் தவிர. அவரால் யாரிடமும் சொல்ல முடியாது. இப்படி ஒரு கணக்குத் தன் மனசில் ஓடுவது அவளுக்கே தெரிந்தது. கைகள் அப்போதும் அசையவில்லை. அவளுடைய இரண்டு கைகளும் நன்றாகத்தான் இருந்தன.

ஜன்னலோர நாற்காலி கிறீச்சிட்டது. அவர் இடது கையைத் தூக்கியிருந்தார்.

“அண்ணனுக்குத் தண்ணி வேணும் போல,” என்று மருந்துக்கடைக்காரர் எழுந்தார்.

“பாத்ரூமா இருக்கும், கேளுங்க,” என்றார் பின்வரிசையில் ஒருவர்.

டம்ளர் வந்தது. அவர் டம்ளரைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. ஒற்று சாரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார், பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன் ஐயா’ என்று கை தூக்குவார்களே, அந்த மாதிரி. ஒற்று சார் சிரித்தபடி தலையாட்டிவிட்டு, எழுதியவரைத் தேடி மற்ற வரிசைகள் மேல் கண்ணை ஓட்டினார்.

சட்டைக்கை முழங்கை வரை வழிந்து இறங்கியது. வெயில் பட்டுக் கறுத்த பகுதிக்கும் படாத பகுதிக்கும் நடுவே அந்தக் கையில் அழுத்தமான ஒரு கோடு இருக்கும். வீட்டுக்குள்ளேயே கிடந்ததில் அது வெளுத்து, தேடிப் பார்த்தால் மட்டும் தெரிந்தது. அவர் கையை இறக்கவில்லை.