அவள் போட்ட கோணக்கோடு

என் மனைவி என்னை மறந்துபோய் ஒரு வருடமாகிறது. ஆனாலும் போன மாதம் வரை தினமும் சாயங்காலம் ஐந்து நிமிடம் ஞாபகம் வந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு பொம்மை விமானம் வேண்டும்.

பொம்மை என்று நானே எழுதியிருப்பதை அவளால் படிக்க முடிந்தால் சிரிப்பாள். வேறு யாராவது அப்படிச் சொன்னால் நான் சண்டைக்குப் போகிறவன். பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, நிஜ விமானத்தை எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் செய்வது என் பைத்தியம். ஒட்டின இடத்தில் மேடு வரும். உப்புத்தாளால் தேய்த்தால் மேட்டோடு சேர்ந்து கோடுகளும் போய்விடும். தகடும் தகடும் சேருமிடத்தைக் காட்டுகிற, மயிரிழை அளவு பள்ளங்கள் அவை. போன கோட்டை ஊசியால் கீறித் திரும்பக் கொண்டுவருவதில்தான் என் கெட்டிக்காரத்தனம் எல்லாம்.

பத்தொன்பது வருடம் முன்பு, "நானும் ஒரு கோடு போடறேன், குடுங்க" என்று ஊசியை வாங்கினாள். இடது இறக்கையில் பாதி தூரம் ஒழுங்காகத்தான் போனாள். நான் ஏதோ கிண்டல் செய்யப்போக, சிரித்து, ஊசி வழுக்கி, கோடு கோணிக்கொண்டது. திருத்த உட்கார்ந்தேன்.

"இருக்கட்டுங்க. நான் போட்டது அது ஒண்ணுதான்" என்றாள்.

முணுமுணுத்துக்கொண்டே விட்டேன். அந்தக் கோட்டால் போட்டியில் பரிசு கைநழுவியது. வருவோர் போவோரிடமெல்லாம் அதைச் சொல்லிக் காட்டினேன்.

இப்போது அவளுக்குப் பார்வையும் மங்கிவிட்டது. விமானத்தைக் கையில் கொடுத்தால் விரல் இறக்கையைத் தடவிக்கொண்டே போகும். வழுக்கின இடத்தில் நிற்கும். "இது என்னோடது" என்பாள். பிறகு என் பக்கம் திரும்பி, "சாப்டீங்களா?" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மீதிப் பகலை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் தூசி தட்டும்போது விமானத்தைக் கைதவறிக் கீழே போட்டேன். இடது இறக்கை மேல்பாதி வேறு கீழ்ப்பாதி வேறாகப் பிளந்துவிட்டது. ஒட்டினேன், விரிசலில் பட்டி பூசி அடைத்தேன், தேய்த்தேன். டேப்பை அளவாக ஒட்டி, அதன் ஓரமாகவே அழிந்த கோடுகளையெல்லாம் கீறினேன். இரண்டு நாள் வேலை. தூளை ஊதிவிட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிரமாதம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது. எல்லாக் கோடும் நேராக இருந்தது. பத்தொன்பது வருடம் அடக்கி வைத்திருந்த கை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் திருத்திவிட்டது. இந்தக் கையை என்ன செய்தால் தகும்?

அன்று சாயங்காலம் அவள் விரல் இறக்கை முழுக்கப் போய்த் திரும்பியது. "இது வேற யாரோடதோ" என்று என்னிடமே நீட்டினாள்.

நேர்க்கோட்டைப் பசையால் அடைத்துவிட்டு, பழைய போட்டோ ஒன்றைப் பார்த்துக் கோணலாகக் கீறினேன். விரல் நிற்கவில்லை. போட்டோவில் வளைவு தெரிகிறது, ஆழம் தெரியவில்லையே. இடது கையால் கீறினேன். கண்ணை மூடிக்கொண்டும் கீறினேன். அன்றைக்குச் செய்த கிண்டலை நினைத்துச் சிரித்துக்கொண்டே கீறினால் வருமோ என்று தோன்றியது. என்ன கிண்டல் என்று எனக்கும் மறந்துவிட்டது. ஒன்பது தடவை அடைத்து, ஒன்பது தடவை தேய்த்ததில், அந்த இடம் அழுத்தினால் உள்ளே போகிற அளவுக்கு மெலிந்துவிட்டது.

மகள் வந்திருந்தாள். "போதும்பா. உங்க திருப்திக்கு அம்மாவைப் படுத்தாதீங்க" என்றாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை" என்றேன்.

பத்தாவது கோட்டை நேற்று மனைவியிடம் கொடுத்தேன். விரல் மெதுவாகப் போயிற்று. வழுக்கின இடத்தில் கொஞ்சம் தயங்கியது.

"இல்ல தம்பி" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "எங்க வீட்டுக்காரர் செஞ்சதுல ஒரு கோணக்கோடு இருக்கும். நான் போட்டது. அவரு எல்லாத்தையும் திருத்திக்கிட்டே இருப்பாரு, அதை மட்டும் தொடவே மாட்டாரு."

விமானத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"அவரு எப்ப வருவாருன்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியலைம்மா" என்றேன்.