நனைத்த இரை

கூதிர் முதிர்ந்த ஒரு பிற்பகலில், ஜொன்ஜு நகரைச் சூழ்ந்த மலைகள், உழுது களைத்த எருதுகள்போலச் சாம்பல்நிற முகில்களின்கீழ்ப் படுத்துக் கிடந்தன. அறுவடை முடிந்த வயல்களினின்று எழுந்த வைக்கோற்புகை, ஆற்றைக் கடந்து, கூரைகளைத் தடவி, நகரின் வடகோடியிலிருந்த மருந்தாய்வுக் கூடத்தின் வேலிக்குட் புகுந்து, விசிறியிலை மரங்கள் உதிர்த்த பொன்னிறச் சருகுகளின்மேல் தாழ்ந்து தவழ்ந்தது. அச்சருகுகளை விலக்கி, ஒரு கருங்கல்லின்முன் சிலர் படையல் பரப்பிக்கொண்டிருந்தனர். ஆய்வின்பொருட்டு உயிர்நீத்த விலங்குகளுக்காக ஆண்டுக்கொருமுறை அக்கல்லின்முன் தலைவணங்குவது அக்கூடத்தாரின் வழக்கம்.

பேரிக்காய்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்த ஆய்வாளர் ஹேரியங்கின் உள்ளம் அன்று நிறைந்திருந்தது. மலைச்சண்பக இனத்து மரமொன்றின் பட்டையினின்று அவள் பிரித்தெடுத்த சாறு, ஈறுநோயால் தாடையெலும்பு கரைவதைத் தடுப்பதாகக் கண்டிருந்தார்கள். பல்லடியிற் பட்டுநூல் கட்டி நோய் உண்டாக்கிய எலிகளுள், வெறுநீர் பெற்றவற்றின் எலும்பு ஆற்றங்கரை மணல்போற் சரிந்திருக்க, சாறு பெற்றவற்றின் எலும்பு நிலைத்து நின்றது. மக்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் நாளும் குறித்தாயிற்று. அதனைக் கேட்ட அவள் தாய் பொக்சுன், பற்களெல்லாம் ஆடிச் சீழ்வடியும் நிலையிலும் அவற்றைப் பிடுங்க மறுத்து, மகளின் மருந்து வருமென்று சோற்றில் நீர் வார்த்து விழுங்கியபடி காத்திருந்தாள்.

விலங்குகளைப் பேணும் தொக்சு, எலிகளுக்கு இடும் கெட்டியான இரையுருண்டைகளை ஒரு வெண்கிண்ணத்தில் இட்டுக் கல்லின்முன் வைத்துவிட்டுக் கண்சிமிட்டினான்.

"ஏம்மா ஹேரியங், இதுல கொஞ்சம் தண்ணி ஊத்தட்டுமா? உன் செல்லப்பிள்ளைங்க அந்த உலகத்துலயும் கெட்டியா இருந்தா தொடாதுங்களே!"

"சும்மா இருங்கண்ணே. சாறு குடிச்சதுங்க கசப்புல ஒண்ணும் தின்னாம சுருண்டு கெடந்துச்சுங்க. எங்கம்மா சோத்துல தண்ணி ஊத்திக்கிற மாதிரி ஊற வச்சுக் குடுத்தேன்."

"அப்ப மத்ததெல்லாம் மூத்தாள் பிள்ளைங்களா? பல்லுவலியோட கல்லைக் கடிச்சிட்டுல்ல கெடந்துச்சுங்க!" என்று நகைத்தான் அவன்.

அந்நகைப்பு, பழுக்கக் காய்ந்த கம்பிபோல் அவள் நெஞ்சில் இறங்கிற்று. வன்மையான இரையைக் கடிக்குந்தோறும் நூல் ஈற்றை அறுத்திருக்கும். நனைத்ததை உண்டவற்றுக்கோ அத்துன்பம் இல்லை. எலும்பைக் காத்தது பட்டையா, நீரா? பசித்த உயிருக்கு இரங்கிச் செய்த எளிய செயல், அத்தனை உயிர்களின் சாவையும் பொருளற்றதாக்கிவிட்டதே! உண்மையைச் சொன்னால் மீண்டும் எலிகள் மாளவேண்டும்; தாயின் நம்பிக்கையும் மாளும். மறைத்தாலோ, ஏதுமறியாத எத்தனையோ பேர் அச்சாற்றை நம்பி நோயை முற்றவிடுவர்.

அதற்குள் பேராசிரியர் நம்குங் மதுக்கிண்ணத்தைக் கல்லின்முன் வைத்து, "உங்கள் சாவு வீண்போகவில்லை" என்று தொடங்கினார்.

"ஐயா, அதச் சொல்லாதீங்க," என்றாள் ஹேரியங். "வீணாத்தான் போச்சு. நான்தான் வீணாக்கிட்டேன்."

அனைவரும் கேட்க அவள் நடந்ததைக் கூறினாள். பேராசிரியரின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"இத்தனை நாளும் ஊற வச்சியே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"தோணலைங்கய்யா. பசிச்சதுக்குச் சோறு போட்டதை யாராவது சொல்லிக்கிட்டு இருப்பாங்களா?"

தொக்சு தலைகுனிந்து நின்றான். பின்னர், "மக்களுக்குக் குடுக்குறத நிறுத்திடுவோம். முதல்லருந்து செய்யணும்," என்ற பேராசிரியர், திரும்பி நடக்கையில் குரல்தாழ்த்திச் சொன்னார்: "இந்தத் தடவை எல்லாத்துக்கும் ஊற வச்சே குடு."

அவ்வாறே நிகழ்ந்தது. நூல் கட்டிய எலிகள் அனைத்தும் நனைத்த இரையை உண்டன, ஆய்வின் முடிவில் அனைத்தும் மாண்டன. பனி உருகத் தொடங்கிய நாளில் எலும்புகளை அளந்து பார்த்தபோது, சாறு பெற்றதற்கும் பெறாததற்கும் வேற்றுமை இல்லை.

அன்று மாலையே அவள் தாயின் எதிரில் அமர்ந்தாள்.

"அம்மா, அந்தப் பட்டை உனக்கு உதவாதும்மா. இனிக் காத்திருக்காத."

பொக்சுன் வீங்கிய கன்னத்தைத் தாங்கியபடி மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "எலிக்குச் சோறூட்டப் போயி ஆத்தா பல்லைக் கோட்டை விட்டியாக்கும்!" என்றாள். மகளின் கண் நிறையக் கண்டு, "அடி போடி. பொய்மருந்தைத் தின்னு ஊரெல்லாம் என்னை மாதிரி ஆகறதுக்கா? நாளைக்கே பிடுங்கிப்புடலாம், வா," என்று எழுந்தாள்.

மறுநாள் பல்மருத்துவரின் வாயிலினின்று இருவரும் வெளிவந்தபோது, காற்று வாள்போல் வீசிற்று. தாயின் உதடுகள் உள்வாங்கிக் கன்னங்கள் குழிந்திருந்தன. வாயிற் கடித்த பஞ்சில் குருதி கசிந்தது. ஒரே பகலில் அவள் மிக மூத்துவிட்டாள். ஹேரியங் அவள் முகத்தை நோக்க அஞ்சித் தரையை நோக்கி நடந்தாள். பேசவியலாத அத்தாய், குளிரில் விறைத்திருந்த மகளின் கையைப் பற்றித் தன் மேலங்கியின் பைக்குள் இட்டு, அங்கேயே இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கற்றறிந்தீர், மரப்பட்டைகளுள் மெய்யான மருந்து எங்கேனும் இருத்தல் கூடும். பின்வருவோர் அதனைக் கண்டறிக. அதுவரை நோய் நோயாகவே இருக்கும். எலும்பு கரைந்துகொண்டே இருக்கும். இரக்கமும் சிலவேளை பிழைபடும். பிழைபட்ட கையையும் குளிரில் விடாத ஒரு கை இவ்வுலகில் உள்ளவரை, உண்மையைச் சொல்லும் வலிமை மாந்தர்க்கு அற்றுப்போகாது.