உப்பு போட்ட ஐஸ்

கலையரசி ஆடுவது ஹாக்கி என்றுதான் இருசப்பன் மூன்று வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். மகள் காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் பறந்ததை அவரே பார்த்திருக்கிறார். காலேஜ் டீமில் அவளைவிட அதிகமாக யாரும் கோல் போட்டதில்லை என்று வந்தவன் போனவனெல்லாம் சொன்னான். வடக்கே போய்விட்டு மெடலோடு வந்தாள். வலை மாட்டும் ஆணியிலேயே அதையும் மாட்டிவைத்தார். அதுவரைக்கும் ஒரு குழப்பமும் இல்லை.

நேற்று பேப்பரில் போட்டோ வந்தது. மீன் விற்கும் தனக்கொடி அதைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"ஒம் பொண்ணு ஐஸ் மேல ஆடுதாம்யா. இந்தியா கேம்ப்புக்குக் கூப்ட்டிருக்கானாம். வைத்திக்குப்பத்துல ஐஸ் எங்க இருக்கு? எம் மீன் பொட்டியில இருக்கு!"

போட்டோவில் ஓர் உருவம் தலையில் கூண்டை மாட்டி, மூட்டை மாதிரி உடுத்தி, வளைந்த கழியோடு நின்றது. முகம் தெரியவில்லை. உள்ளே எவள் இருந்தாலும் கலையரசி என்று எழுதிவிடலாம்.

"இது நீதானா?"

"நான்தான் நைனா."

"ஹாக்கின்னியே?"

"இதுவும் ஹாக்கிதான். சக்கரத்துல நல்லா ஆடினவங்கள இதுக்கு எடுப்பாங்க. வடக்க போனப்ப ஐஸ்லயும் ஆடிக் காட்டினேன். கேம்ப்பு மலையில. நாளைக்கு சாயங்காலம் ரயிலு. போகலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க. அதோட என் ஆட்டம் முடிஞ்சிச்சி."

இருசப்பனுக்குத் தெரிந்த ஐஸ் வேறு. பார் பாராக, பெரிய கட்டியாக வரும், அடித்து நொறுக்கி மீன்மேல் கொட்டுவார்கள். அதில் கால் வைத்தவன் விழுவான். அவரே மீன்பிடி போட்டில் வழுக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். வயசுப் பெண்ணை மலைக்கு வரச் சொல்கிறவன் எந்தக் கதையையும் சொல்வான்.

"எங்கண்ணு முன்னால ஐஸ் மேல ஓடிக் காட்டு. அப்புறம் பாக்கலாம்."

காலையில் ஏலக் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் ஒரு வண்டி ஐஸ் பார் இறங்கியது. இடைவெளி இல்லாமல் அடுக்கச் சொன்னார். மகள் வருவதற்குள் கரைந்துவிடக் கூடாதே என்று, போட்டுக்குச் செய்கிற மாதிரியே கல்லுப்பை வாரி மேலே இறைத்து, கோணி போட்டு மூடினார்.

கலையரசி ஊருக்குக் கட்டிய பையும் அடியில் கத்தி வைத்த ஷூவுமாக வந்தாள். தனக்கொடி எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, வஞ்சிரம் அரியப் போறியா?"

கோணியை எடுத்தார்கள். கலையரசி ஏறினாள். இரண்டாவது எட்டிலேயே கத்தி நொசநொசவென்று சிக்கி, குப்புற விழுந்தாள். கூட்டம் சிரித்தது. இருசப்பன் சிரிக்கவில்லை. நினைத்தது சரியாகப் போயிற்று. ஆனால் சந்தோஷமாக இல்லை. ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை.

அவள் எழுந்து உட்கார்ந்து, உள்ளங்கையை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"நைனா, உப்பு போட்டியா?"

"பின்ன? உப்பு இல்லாம ஐஸ் நிக்குமா?"

"மீனுக்குத்தான் அது. மேலெல்லாம் இளகிப்போச்சி பாரு."

விழுந்தவன் தரையைத்தான் குறை சொல்வான். இவள் அப்படிச் சொல்கிறாளா, நிஜமா? அவருக்குப் பிடிபடவில்லை. அவள் காத்திருக்கவில்லை. கொக்கியை எடுத்து ஒரு பாரில் மாட்டி இழுத்தாள். "ஒரு கை பிடி நைனா, பொரட்டிப் போடுவோம். அடிப் பக்கம் உப்பு படல."

பிடித்தார். ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். மூச்சு வாங்கியது.

மறுபடி ஏறினாள். ஒரே ஓர் உந்து. என்ன நடந்தது என்று அவர் பார்ப்பதற்குள் கோடியில் இருந்தாள். காலைக் குறுக்கே திருப்பி நின்றாள்; ஐஸ் தூள் சீறிவந்து அவர் லுங்கியில் அடித்தது. ஐஸ் நொறுக்கும் எந்த மிஷினிலும் அவ்வளவு பொடியாக வந்து அவர் பார்த்ததில்லை. யாரும் சிரிக்கவில்லை.

"இன்னொரு தபா," என்றார். செய்தாள். அப்போதும் புரியவில்லை. விழ வேண்டியவள் ஏன் விழவில்லை?

"போவட்டுமா நைனா?"

லுங்கியை உதறினார். தனக்கொடியைப் பார்த்து, "ஐஸ் வீணாவுது, வந்து அள்ளு," என்றார். பிறகு மகளின் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அங்க போனதும், ஐஸுக்கு உப்பு போடுறானுங்களான்னு மொதல்ல பாரு. போட்டானுங்கன்னா ஏறாத. எனக்குப் போன் பண்ணு."