எட்டாவது மூடி

அப்பாவின் காலை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த மகளின் கை சட்டென்று நின்றது. நேற்று மூடிகளைப் போட்டபோது தட்டில் ஏழு முறைதான் சத்தம் கேட்டது. எட்டாவது சத்தம் கேட்டதாக நினைவே இல்லை.

நேற்று மதியம் விண்கலத்தின் அறையில் எட்டு வடிகட்டி உருளைகளைப் பொருத்தியவள் அவள்தான். உள்ளே இருப்பவர்கள் விடும் மூச்சிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும் உருளைகள். பொருத்தும்வரை ஈரம் புகாமலிருக்க ஒவ்வொன்றின் வாயிலும் எண் போட்ட ஒரு சிவப்பு மூடி. கழற்றியவர் அதைத் தகரத் தட்டில் போட்டு எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்பவர் கண்ணால் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். எட்டாவதில் கை வைத்தபோதுதான், அப்பாவுக்கு மூச்சு முட்டுகிறதாம் என்று வாசலிலிருந்து ஒருவர் கத்தினார். அவள் "எட்டு" என்று சொல்லிவிட்டு, போட்டிருந்த வேலைக் கோட்டோடு வீட்டுக்கு ஓடி வந்தாள்.

அப்பா இன்று விடியும்போது போய்விட்டார்.

நாளைக் காலை கலம் கிளம்புகிறது. நான்கு பேர், இரண்டு வருடம். எட்டாவது உருளை கடைசிக் கையிருப்பு, மற்றவை ஓய்ந்த பிறகுதான் அதைத் திறப்பார்கள். அதன் வாய் சுவருக்குள் இருக்கிறது, உள்ளே இருப்பவர்களின் கைக்கு எட்டாது. மூடி அதிலேயே இருந்தால்? நான்கு பேரும் அப்பாவைப் போலவே வாயைத் திறந்து திறந்து மூடுவது கண்ணில் தெரிந்தது.

நேற்று பக்கத்தில் நின்று எண்ணிக்கையைத் திருப்பிச் சொன்ன மேலாளருக்குப் போன் செய்தாள். எதையும் இருமுறை பார்க்கிறவர் என்பதால் அவருக்கு ஆபீசில் டபுள்செக் என்று பெயர்.

"சார், நேத்து தட்டுல போட்ட மூடிங்களைக் கட்டி வச்ச பையைப் பிரிச்சு எண்ணுங்க."

"வீட்டுல இப்படி இருக்கறப்போ எதுக்கும்மா இதெல்லாம்..."

"எண்ணுங்க சார்."

போனில் பை கிழியும் சத்தம் கேட்டது. அவர் வாய்விட்டே எண்ணினார். ஏழோடு நின்றுவிட்டார்.

"நான் பாக்கலம்மா" என்றார். "நீ அழுதுக்கிட்டே சொன்னே. நானும் எட்டுன்னு சொல்லிட்டேன். கோட்டைப் பாத்தியா?"

கோட்டு அப்பாவின் கட்டிலை ஒட்டிய நாற்காலியில் கிடந்தது. இரண்டு பைகளையும் வெளியே இழுத்துப் பார்த்தாள். ஒரு கைக்குட்டை மட்டும்தான் இருந்தது.

"இல்ல சார். கலத்தை நிறுத்தச் சொல்லுங்க."

"நிறுத்தினா நம்ம ரெண்டு பேரு வேலையும் போச்சு, தெரியுமில்ல?"

"உள்ள நாலு பேரு சார்."

"சரி" என்றார். "மாடிக்குப் போய் மேலதிகாரிங்ககிட்ட சொல்றேன்."

போன மாதம் அப்பா ஆக்ஸிஜன் குழாயை மூக்கிலிருந்து நகர்த்திவிட்டுக் கேட்டார்: "வானத்துக்கெல்லாம் காத்து அனுப்பற, அப்பனுக்கு ஒரு டப்பா எடுத்துட்டு வந்தா கொறஞ்சா போயிடுவ?" அன்றைக்கு அவளும் சிரித்தாள்.

அம்மா வெள்ளைச் சட்டையோடு வந்து அப்பாவுக்கு மாட்டிப் பார்த்தாள். "இந்தக் கை நுழைய மாட்டேங்குது. கொஞ்சம் விரிச்சு விடு. நேத்து சாயங்காலத்துலேருந்து இறுக்கி மூடியே வச்சிருந்தாரு."

விறைத்துப்போன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மூன்றாவது விரலுக்கு அடியில் சிவப்பு தெரிந்தது. மூடியின் முதுகில் எட்டு என்று இருந்தது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "இதுதானா? நீ மாத்திரை வாங்கப் போனப்போ உன் கோட்டுப் பையைத் தடவிக்கிட்டே இருந்தாரு. ஊசி எங்க, ஊசி எங்கன்னு வேற கேட்டாரு. ஏதோ பெனாத்தறாருன்னு நான் விட்டுட்டேன்."

நாற்பது வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்தவர். அறுந்த பட்டன் கையில் கிடைத்தால் தைத்து முடிக்கும்வரை கீழே வைக்க மாட்டார்.

அவள் போனை எடுத்தாள். "சார், எட்டு."

மறுமுனையில் மாடிப்படியில் மூச்சு வாங்கியது. "எங்கம்மா இருந்துச்சு?"

"அப்பா வச்சிருந்தாரு."

காலடிச் சத்தம் திரும்பிப் படியிறங்கியது. பிறகு, "நான் அங்க வர்றேன்" என்றார். "இந்தத் தடவை கண்ணால பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

மூடி இருந்த இடத்தில், அப்பாவின் உள்ளங்கையில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. உயிருள்ள கை என்றால் அந்தப் பள்ளம் சற்று நேரத்தில் மறைந்துவிடும். அம்மா சட்டையை நீட்டிக்கொண்டு நின்றாள். மகள் அதை வாங்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.