வேண்டாவின் எட்டுச் சொற்கள்

செங்கல்பட்டுக்கு வெளியே உள்ள பேச்சுப் பயிற்சிக் கல்லூரியின் சிகிச்சை அறையில் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு வாளி சொற்கள் பெருக்கி எடுக்கப்பட்டன. மாணவிகள் நோயாளியின் சொல் ஒன்றைத் திருத்தினால், அது அவர் வாயிலிருந்து கழன்று புளியங்கொட்டை அளவில் தரையில் விழும். பிறகு அது அவருக்கு வராது. திருத்திய சொல்லும் பெரும்பாலும் வராது. கட்டடம் திறந்த நாளிலிருந்தே இப்படித்தான் என்பதால், பெருக்கும் விஜயகுமாரிக்குத் தனி வாளி கொடுத்திருந்தார்கள்.

பல மொழியும் பல பழக்கமும் உள்ள நோயாளிகளுக்கு மாணவிகளைத் தயார்செய்வதில் கல்லூரிக்கு மிகுந்த அக்கறை. அதற்கென்று ஆண்டில் ஒரு முழு நாளை ஒதுக்கியிருந்தது. அன்று இறுதியாண்டு மாணவி ஹரிப்ரியா பஞ்சாபி உடையணிந்து மேடையில் இருமுறை நடந்து சான்றிதழ் பெற்றாள். மணிப்பூர் உடைக்கு முதல் பரிசு. அணுபுரம் அணுமின் ஊழியர் குடியிருப்பில் வளர்ந்த ஹரிப்ரியா, பக்கத்திலுள்ள கருங்குழியைப் பேருந்து ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருந்தாள். கருங்குழி உடை பட்டியலில் இல்லை.

வேண்டா என்ற நோயாளி கருங்குழியிலிருந்து வந்தார். பக்கவாதத்தில் பேச்சு போய், நான்கு மாதங்களில் எட்டுச் சொற்கள் திரும்பியிருந்தன. குட்டியானை வண்டி ஓட்டும் கணவர் துரை எட்டையும் விரல் மடக்கிச் சொன்னார். வேண்டாதான் ஹரிப்ரியாவின் இறுதித் தேர்வுக்குரிய நோயாளி. பிழை பூஜ்ஜியமானால் பட்டம், இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து மறுபடி. படிவத்தில் 'இன்னா' என்பதற்கு எதிரே 'கோளாறு' என்று குறிக்க ஒரு கட்டம் இருந்தது. வேறு கட்டம் இல்லை.

முதல் வாரம் 'இன்னா' விழுந்தது. அடுத்து 'வூடு', 'நாஸ்தா', 'பேஜாரு'. மூன்றாம் வார முடிவில் பிழைகள் எட்டிலிருந்து நான்காகக் குறைந்துவிட்டன என்று ஹரிப்ரியா எழுத, பேராசிரியை கல்யாணி பக்கத்தில் 'மிக நன்று' என்று எழுதினார். வேண்டா பேசுவதே குறைந்துவிட்டது என்று எழுதப் படிவம் கேட்கவில்லை. கடைசியில் மிஞ்சியது 'யோவ்'. வேண்டா துரையைக் கூப்பிடும் சொல் அது. படிவப்படி அது 'ஏங்க' ஆக வேண்டும்.

தேர்வன்று காலை துரை ஹரிப்ரியாவை வாசலிலேயே நிறுத்தினார். "இன்னாம்மா இது, வர்றப்ப எட்டு பேசிக்கினு இருந்தா. இப்ப ஒண்ணுதான் கீது. அதையும் புடுங்கினாதான் உனுக்கு பாஸா?"

"ஆமாங்க" என்றாள் ஹரிப்ரியா. அவளுக்குச் சட்டென்று பொய் வராது.

"வூட்ல சத்தமே இல்லம்மா. அவ திட்டாம எனுக்கு சோறு எறங்கல."

அவள் விஜயகுமாரியைத் தேடிப் போனாள். "அக்கா, அந்த வாளிய எங்க கொட்டுவீங்க?"

"கொட்றதா? மாடிப்படிக்குக் கீய ட்ரம்முல கீது. யார்னா கேப்பாங்கன்னு எடுத்து வெச்சேன். பத்து வருசமா ஒரு மேடமும் கேக்கல. கருங்குழி அம்மாவோடது மேலதான் கீது பாரு, இன்னும் சூடு ஆறல."

அவசரத்தில் ஹரிப்ரியா ஒரு கை கூடுதலாகவே அள்ளிவிட்டாள். வேண்டா அவற்றை வாங்கி வெற்றிலைபோல் கன்னத்தில் அடக்கிக்கொண்டார். பெண் தேர்வாளர் துரையைக் காட்டி, இவரை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்றார். 'ஏங்க' வர வேண்டிய இடம்.

"யோவ்" என்றார் வேண்டா. "இன்னா பாத்துகினு நிக்கற? வண்டிய எடு. வூட்டுக்குப் போவணும், பசிக்குது. இந்தம்மா இன்னா, பேரு கேக்க வந்துதா, பொண்ணு கேக்க வந்துதா?"

வேண்டா பேசி முடிப்பதற்குள் தேர்வாளர் எழுபத்து மூன்று பிழைகள் எண்ணினார். ஹரிப்ரியா தோற்றாள். அடுத்த மாதம் சுற்றறிக்கை வந்தது: விழும் சொற்களை நோயாளி வீடு திரும்புமுன் அவரிடமே ஒப்படைத்துக் கையொப்பம் பெற வேண்டும். இதற்காகக் கல்லூரிக்கு ஒரு விருதும் கிடைத்தது. கல்யாணி அதைப் பஞ்சாபி உடையில் போய் வாங்கினார். ஆறு மாதம் கழித்து ஹரிப்ரியா தேறினாள், படிவத்தில் 'ஊர்ப்பேச்சு' என்று கையால் ஒரு கட்டம் கூடுதலாக வரைந்து.

அன்று அள்ளியதில் மாமல்லபுரத்து மீனவர் யாருடைய சொற்களோ சில கலந்துவிட்டன. கடலுக்குள் கால் வைத்திராத வேண்டா, கோபம் வந்தால் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் மீனவர்கள் வைத்த பெயர்களையும் சேர்த்துத் திட்டினார். துரை பொருள் கேட்டதில்லை. அவருக்குச் சோறு இறங்கியது.