யார் பேருக்குப் பில்?

அம்சத்துக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? ஓரகத்தி ரெங்கம்மாள், நேற்று வந்தவள், ஒரு தாளைத் தெருவுக்கே காட்டிக்கொண்டிருந்தாள்.

"இதுக்குப் பேரு பில்லு அக்கா. நீடாமங்கலம் ஜெக்கரியா பாய் கடையில யூரியா வாங்குனது. உங்க கொழுந்தனார் பேரு போட்டிருக்கு பாருங்க."

"நாங்க பாக்காத ரசீதா?"

"ரசீது காசு கட்டுனதுக்கு அக்கா. பில்லு, யாரு என்ன வாங்குனாங்கன்னு சொல்லும். குத்தகைப் பதிவுக்குத் தாசில்தார் வர்றப்போ, உழுதது யாருன்னு இதுவே பேசுமாம். பேரு ஏறிட்டா நெலத்த விட்டு யாரும் எறக்க முடியாதாம்."

அம்சத்தின் புருஷன் வைரக்கண்ணுவும் அவன் தம்பி தங்கையனும் ஒரே மிராசுதாரிடம் ஆளுக்கு ஆறு மா நிலம் குத்தகை. உரம் இருவரும் சொந்தக் காசில்தான் வாங்கினார்கள். ஆனால் கடையில் "யார் பேருக்குப் பில்லு?" என்று கேட்டால் வைரக்கண்ணு, "மிராசுதார் பேருக்கே போடுங்க பாய்" என்பான். அப்பன் காலத்து வழக்கம். அந்தப் பில்லையும் பத்திரமாக மிராசுதாரின் கணக்குவழக்குப் பார்க்கும் காரியஸ்தர் குஞ்சிதபாதத்திடம் கொடுத்துவிட்டு வருவான்.

"இனிமேலாச்சும் நம்ம பேருக்கு வாங்கியாங்க" என்றாள் அம்சம்.

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணச் சொல்றியா? போடி!"

சரி, தனக்கு வாய்க்காதது ரெங்கம்மாளுக்கு மட்டும் எதற்கு? மறுநாள் களத்தில் காரியஸ்தரைப் பார்த்தவுடன் வாய் நிற்கவில்லை. "கொழுந்தன் தன் பேருல பில்லு சேக்குதுங்க. தாசில்தாருக்குக் காட்டப் போவுதாம்."

அவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். "அட, பில்லு அவ்வளவு பேசுமா?"

ரெங்கம்மாள் மூஞ்சி எப்படிச் சுருங்கும் என்று நினைத்துக்கொண்டே அம்சம் வீடு வந்தாள். அன்று சோறு ருசித்தது.

தாசில்தார் வந்தார். அம்சமும் கூட்டத்தோடு போய் நின்றாள். தங்கையன் நாலு பில்லை நீட்டினான், குத்தகைப் பதிவில் பேர் ஏறிவிட்டது. அடுத்து வைரக்கண்ணு. "பில்லு இல்லீங்க. ஆனா உழுதது நானுங்க."

குஞ்சிதபாதம் ஒரு காகிதக் கட்டை அவிழ்த்தார். "அந்த ஆறு மா மிராசுதாரே பயிர் வைக்கிற சொந்தப் பண்ணைங்க. அஞ்சு வருஷத்து உரப் பில்லும் அவர் பேருல இருக்கு, பாருங்க."

எல்லாம் வைரக்கண்ணு தலையில் சுமந்து வந்த மூட்டைகள். சாட்சி சொல்ல ஊரில் ஒருத்தருக்கும் நாக்கு எழவில்லை.

கட்டைத் திரும்பக் கட்டியபடி காரியஸ்தர் சிரித்தார். "இதோட அருமை எங்களுக்கே தெரியாது. இவன் பொண்டாட்டிதான் வந்து சொல்லிச்சு."

வைரக்கண்ணு அம்சத்தைத் திரும்பிப் பார்த்தான். அடித்திருந்தால்கூடத் தேவலை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தான்.

நடவு வந்தது. வைரக்கண்ணு உழுத ஆறு மாவில் மிராசுதாரின் பண்ணை ஆட்கள் இறங்கினார்கள். ரெங்கம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நாளைக்கு எங்க வயல்ல நடவு. வெளியாளுக்குக் குடுக்குற கூலிய உங்களுக்கே குடுக்கலாம்னு வந்தேன்."

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். பாவி, நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே!

"எத்தன மணிக்கு வரணும்?" என்றாள் அம்சம்.