நாத்தனார் போட வேண்டிய முடிச்சு

என் கல்யாணம் இரண்டு முறை தள்ளிப்போனதற்குக் காரணம் ஓர் ஏவுகணை. சொன்னால் மரக்காணத்தில் ஒருத்தனும் நம்பமாட்டான். என் செல்போன் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் பெண் வீட்டோடு தகராறு என்றே பேசிக்கொண்டார்கள்.

என் அக்கா வினோதினி ஹைதராபாத்தில் ராணுவ ஆய்வுக்கூடத்தில் இன்ஜினியர். என்ன வேலை என்று வெளியே சொல்லக் கூடாதாம். வருஷக்கணக்காகப் பார்க்கிறோமே, தெரியாமலா போகும்? முதலில் தொட்டித் தண்ணீருக்குள் ஒரு குழாயை வைத்துப் பார்த்தார்கள். பிறகு கடலுக்குள் ஒரு மேடையை அமிழ்த்தி, அதிலிருந்து கிளப்பினார்கள். அடுத்தது நிஜ நீர்மூழ்கிக் கப்பல். வெற்றி என்றால் பெரும்பாலும் பேப்பரில் வரும். தோல்வி என்றால் அக்கா வீட்டுக்கு வருவாள். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோவாள்.

ஆவணியில் வைத்த முகூர்த்தத்துக்கும் அவளால் வர முடியவில்லை, தையில் வைத்ததற்கும் முடியவில்லை. தையில் கல்யாணம் நின்ற வாரம் வந்து, சாப்பிடாமல் எழுந்தாள். அம்மா கெஞ்சியதற்கு இவ்வளவுதான் சொன்னாள்:

"இறுக்கிக் கட்டி வெச்சது நடுவானத்துல அவுரணும்மா. அவுரல. அதைக் கட்டினது நான்தான்." ஏவுகணையில் கழன்று விழ வேண்டிய ஏதோ பாகம் என்று மட்டும் புரிந்தது.

எங்களில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டையும் அவன் அக்கா தங்கைதான் போட வேண்டும். உப்பளத்திலிருந்து வந்த களைப்பில் அம்மா, "சித்தப்பா பொண்ணு ரேணுகா போடட்டுமேடா" என்றாள். முடியாது என்றுவிட்டேன். அப்பா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்த கை அக்காவுடையது. எனக்கு அந்தக் கைதான் வேண்டும்.

மாசியில் எப்போது வர முடியும் என்று கேட்டால் அவளே, "எப்பன்னு சொல்ல முடியாதுடா மணி. ரேணுகாவே போடட்டும்" என்றாள்.

"உன் ராக்கெட்டையே கட்டிக்கிட்டு அழு!" என்று போனை வைத்தேன். அன்றைக்கு எனக்கும் சோறு இறங்கவில்லை.

விஷயத்தைக் கேட்டு நான் கட்டிக்கொள்ளப் போகும் தமிழ்நிலா விழுந்து விழுந்து சிரித்தாள். கூனிமேடு பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண். போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"எங்க அண்ணன் காசிமேட்டு போட்டுல ஆழ்கடலுக்குப் போகுதுல்ல? ராக்கெட் விடப்போறாங்க, இந்தப் பக்கம் வராதீங்கன்னு தேதி போட்டு வாட்ஸ்அப் குரூப்புல வந்துடும். ஆவணிலயும் வந்துச்சு, தையிலயும் வந்துச்சு. நீ எங்க கேட்ட? இந்த தபா செவ்வாக்கெழமையோட முடியுது. ஞாயித்துக்கெழமை முகூர்த்தம் வை."

தேதியைச் சொன்னதும் அக்கா முதலில் கேட்டது இதுதான்:

"யாருடா பாத்துக் குடுத்தது?"

"கடல்காரங்க" என்றேன்.

செவ்வாய் போயிற்று. பேப்பரில் ஒன்றும் வரவில்லை. ஞாயிறு வரை தினமும் புரட்டினேன். அன்று விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கிய அக்கா பட்டுப்புடவை மாற்றிக்கொண்டு, நேராகத் தமிழ்நிலாவின் பின்னால் வந்து நின்றாள்.

கெட்டிமேளம் கொட்டியது. முதல் முடிச்சை நான் போட்டேன். இரண்டாவதை அக்கா போட்டாள். மூன்றாவதை இறுக்கிவிட்டு என் காதோரம் குனிந்தாள்.

"அது அவுந்துடுச்சுடா. இது அவுராது."

மேளச் சத்தத்தில் அம்மாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பந்தியில் அக்கா இலையை வழித்துத் தின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். அம்மா அங்கேயே கரண்டியோடு நின்று அழுதாள்.